செகண்ட் ஹேண்ட் ஹிமாலயன் 411: லடாக் போகும் முன் எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

கேள்வி: 2019-ல் பதிவான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அடுத்த ஜூனில் சேலத்திலிருந்து லடாக் போக ஆசை. அலுமினியப் பெட்டி, ஃபாக் லைட், சைலன்சர், ஹேண்டில்பார் ரைசர் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வேலை செய்து பழகவும் விருப்பம்.

பதில்:

பட்டியலில் இருக்கும் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். 40,000-ல் பாதிக்கு மேல் வெளியே தெரியாத இடங்களுக்குத்தான் போக வேண்டும்: டயர், டியூப், செயின் ஸ்ப்ராக்கெட், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்), மற்ற பேரிங்குகள், பிரேக் ஆயில், கேபிள்கள். அதெல்லாம் முடிந்து மிச்சம் இருப்பதில் உங்கள் பட்டியலைப் பார்க்கலாம். அப்போது அந்தப் பட்டியலே பாதியாகச் சுருங்கியிருக்கும்.

ஏன் என்றால், இந்த எஞ்சின் தரைமட்டத்தில் தருவதே ஏறக்குறைய 24 குதிரைத்திறன்தான். லடாக்கின் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் வண்டி காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு திணறாமல் ஓடும். ஆனால் இல்லாத காற்றுக்கு அது எதுவும் செய்ய முடியாது, அதனால் சக்தியும் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். வண்டியின் எடையோ 190 கிலோவை ஒட்டி. அதன் மேல் நீங்கள், உங்கள் மூட்டை, அப்புறம் ஆசைப்பட்டு மாட்டிய இரும்பு. சேலத்தில் தெரியாத 15 கிலோ, மேலே தளர்ந்த மண்ணும் கல்லும் கலந்த ஏற்றத்தில் முதல் கியரில் நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரியது. வண்டியில் புதிதாக மாட்டுகிற ஒவ்வொன்றும் நாளைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு வேலை. ஒரு ஃபாக் லைட் என்றால் இரண்டு போல்ட்டு, ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), ஒரு ஃபியூஸ், நாலைந்து ஜாயின்ட். அதனால் எதை மாட்டினாலும், ரோட்டோரத்தில் நின்று, வண்டியில் இருக்கிற டூல்ஸை வைத்து இதை என்னால் கழற்றி மாட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், உள்ளூரில் சுற்றுகிற வண்டிக்கு அது பரவாயில்லை, 3,000 கி.மீ. தள்ளிப் போகிற வண்டிக்கு வேண்டாம்.

சரி, முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வண்டியை நன்றாகக் கழுவுங்கள், ஆனால் பிரஷர் வாட்டரை வீல் பேரிங், ஸ்டியரிங் தலைப்பகுதி, ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பக்கம் அடிக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளிவிடும். எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் இடுக்குகளில் சேறு காய்ந்திருந்தால் மெதுவாகத் தண்ணீர் விட்டு எடுங்கள். கழுவும்போதே பாதி விஷயம் கண்ணில் பட்டுவிடும்: எங்கே ஆயில் கசிகிறது, எந்த பிராக்கெட்டில் விரிசல் விட்டிருக்கிறது, எந்த போல்ட்டு காணோம்.

அடுத்து டயர். பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஈரத் தார்ச்சாலையில் பிடிக்காது. இந்த வண்டிக்கு ஸ்போக்ஸ் வீல், முன்னால் 21 இன்ச், பின்னால் 17 இன்ச், இரண்டுமே டியூப் டயர். புது டயரோடு புது டியூபும் போடுங்கள். பழைய டியூபில் நல்லதாக இருப்பதை வழிக்கு எடுத்துக்கொள்ளலாம். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு ஸ்போக்ஸையும் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருப்பது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகச் சத்தம் தரும். ஒன்றிரண்டு என்றால் ஸ்போக்ஸ் கீயால் நீங்களே பிடிக்கலாம், நிறைய இருந்தால் வீல் அலைன்மென்ட் பார்ப்பவரிடம் கொடுங்கள்.

கோன் செட்டை அவசியம் சோதியுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டொக்' என்று கையில் இடிக்கக் கூடாது. பிறகு ஹேண்டில்பாரை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் கோன் செட் முடிந்தது. கரடுமுரடான ரோட்டில் ஓடிய வண்டியில் இது சீக்கிரம் தேயும். நிறைய பேர் பால் பேரிங்குக்குப் பதிலாக டேப்பர் ரோலர் பேரிங் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல மாற்றம்தான், பழக்கமான கையிடம் கொடுத்துப் போட வேண்டும். அதிகமாக இறுக்கினால் ஹேண்டில் கனமாகி, மெதுவாகப் போகும்போது வண்டி அலையும்.

யாருமே தொடாத இடம் ஒன்று உண்டு. பின்னால் இருக்கும் ஒற்றை ஷாக் அப்சார்பரான மோனோஷாக்குக்குக் கீழே, அதை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் லிங்கேஜ். சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடம் அது. செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் பெரும்பாலும் உள்ளே கிரீஸே இருக்காது. அதைக் கழற்றி, துடைத்து, நீடில் பேரிங்கில் துரு இருந்தால் மாற்றி, கிரீஸ் நிறைத்து மாட்டுவது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை. முடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், 'சஸ்பென்ஷன் மோசம், மாற்ற வேண்டும்' என்ற எண்ணமே போய்விடும். பல ஆயிரம் ரூபாய் ஷாக் அப்சார்பருக்குப் பதில் ஒரு டப்பா கிரீஸில் தீர்ந்துபோகிற பிரச்சினை அது.

செயினுக்கு வருவோம். 38,000 கி.மீ.யில் அதே செயின் என்றால் கட்டாயம் மாற்ற வேண்டியிருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பகுதியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லிலிருந்து விலகி பாதிப் பல் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புது செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பராமரிப்பைப் பொறுத்தவரை, 500 கி.மீ.க்கு ஒருமுறையும் மழையில் ஓடிய அன்று மாலையும் எண்ணெய் விடுங்கள். ஓ-ரிங் செயின் என்பதால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது, ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், துணி போதும். பிறகு 90 கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, அரை மணி கழித்து அதிகப்படியைத் துடைத்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டு செயின் துடைப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். துணியோடு விரலையும் ஸ்ப்ராக்கெட் இழுத்துக்கொள்ளும்.

டைட் வைக்கும்போது சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளவெடுத்து வையுங்கள். அளவு மேனுவலில் இருக்கிறது. இந்த வண்டியின் பின் சஸ்பென்ஷன் 180 மி.மீ. வரை போய் வரும். நிற்கும்போது கச்சிதமாகத் தெரிகிற செயின், நீங்கள் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் கம்பி போல விறைத்துவிடும், எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டின் பேரிங்தான் அடிவாங்கும். லேசான தளர்ச்சி அதிக இறுக்கத்தைவிட எப்போதும் நல்லது.

பிரேக் ஆயிலைப் பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்று தெரியாது, அதனால் மாற்றிவிடுங்கள். டாட் 4 ஆயில் காற்றின் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். தர விதிப்படி புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். நீளமான இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டை எட்டிவிடும், உள்ளே ஆவிக் குமிழி உண்டாகி லீவர் பஞ்சு போல அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இந்தக் கவலை இல்லை. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எஞ்சின் ஆயில், ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேனுவலில் சொன்ன 15டபிள்யூ50 போட்டு, புழுதி ரோட்டில் ஓடினால் ஏர் ஃபில்டரைச் சொன்ன கணக்குக்கு முன்பே மாற்றிவிடுங்கள். டேப்பட், அதாவது வால்வைத் தள்ளும் பகுதிக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, அதில் மட்டும் கவனம். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்க வேண்டும். லேசாகச் சத்தம் போடுகிற டேப்பட்டைவிட, சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பட்தான் வால்வை எரிக்கும். 'சத்தம் வரக் கூடாது' என்று மெக்கானிக்கிடம் கேட்டு இறுக்கச் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, காசே செலவில்லாத கஸ்டமைசேஷன் ஒன்று இருக்கிறது. வண்டியை உங்கள் உடம்புக்குப் பொருத்துவது. கிளட்ச், பிரேக் லீவர்களை, கையை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் நேராகப் போய் உட்காரும் கோணத்துக்குத் திருப்புங்கள். கியர் லீவரை உங்கள் ஷூவுக்குத் தகுந்த உயரத்துக்கு மாற்றுங்கள். பின் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு), நீங்கள் மூட்டையோடு உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் போய் வரும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 60 மி.மீ. இறங்குகிற மாதிரி வையுங்கள். ஆள் பின்னால் ஏறினால் திரும்பவும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். ஒரு வாரம் இப்படி ஓட்டிவிட்டு, அப்போதும் முதுகு வலித்தால் ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் வாங்குங்கள். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸோ வயரோ கேபிளோ இழுபடுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது திருப்பினால் ஆர்.பி.எம். ஏறக் கூடாது. ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிளின் வழி சரியில்லை. யூ-டர்னில் வண்டி தானாகப் பாயும்.

லக்கேஜில் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். அலுமினியப் பெட்டி பார்க்க அழகுதான், பூட்டலாம், மழைக்கும் பயமில்லை. ஆனால் ஃபிரேமோடு சேர்த்துக் கணிசமான எடை, அதுவும் வண்டியின் பின்பாதியில். வண்டி சாயும்போது கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. லடாக்கின் ஓடைகளிலும் கல் ரோட்டிலும் வண்டி ஓரிரு முறை சாயும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாத துணி சேடில் பேக், ஒரு டெயில் பேக், இரண்டும் போதும். கனமானவை, அதாவது டூல்ஸ், டியூப், ஆயில், கீழேயும் முன்பக்கமாகவும் இருக்கட்டும். ஹிமாலயனில் டேங்கின் இரு பக்கமும் இருக்கும் ரேக் இதற்கு அருமையான இடம், பக்கத்துக்கு ஒரு சின்ன பெட்ரோல் கேன் கட்டலாம். பின் ஆக்சிலுக்கும் பின்னால் டாப் பாக்ஸில் 12 கிலோ வைத்தால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். பெட்ரோல் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். டேங்க் 15 லிட்டர். மணாலி–லே பாதையில் டாண்டி பங்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று வைத்திருந்த பலகை பைக் ஓட்டுபவர்களிடையே பிரபலம். கனத்தோடு ஏறும்போது மைலேஜ் இறங்கும் என்பதால் இரண்டு கேனும் வீண் போகாது.

ரேக் கடையில் வாங்கியது பொருந்தாவிட்டால், நல்ல லேத் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்யலாம். சேலம், கோவை பக்கம் அதற்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வெல்டிங் வைக்கும் இடம் வண்டியின் ஃபிரேமாக இருக்கவே கூடாது, இருக்கும் போல்ட்டு ஓட்டைகளில்தான் மாட்ட வேண்டும். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றாமல் விடாதீர்கள், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விடலாம். ரேக் மாட்ட இடம் வேண்டும் என்று சேலை கார்டையும் பின்னால் இருப்பவர் பிடிக்கும் கைப்பிடியையும் எடுத்துவிடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி அவை இருக்க வேண்டும்.

மாட்டுகிற எல்லா போல்ட்டிலும் நீல த்ரெட் லாக்கர் (போல்ட்டு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, டார்க் ரெஞ்சால் சரியான இறுக்கம், பிறகு பெயின்ட் மார்க்கரால் போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் போல்ட்டு திரும்பியிருக்கிறது. காலையில் டீ குடிக்கும் நேரத்தில் வண்டி முழுக்கப் பார்த்துவிடலாம்.

வயரிங்கில்தான் நல்ல வண்டிகள் கெட்டுப்போகின்றன. ஹிமாலயனில் ஹெட்லைட் எச்4, 60/55 வாட். பேட்டரி 8 ஏஎச் மட்டுமே. ஒரு ஜோடி 20 வாட் எல்இடி ஃபாக் லைட் என்றால் 40 வாட், 12 வோல்ட்டில் வகுத்தால் 3.3 ஆம்பியர். போன் சார்ஜர் இன்னொரு ஒன்றரை ஆம்பியர். எஞ்சின் நின்றிருக்கும்போது ஃபாக் லைட்டை மறந்துவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே செல்ஃப் எடுக்காது, இதில் கிக்கரும் கிடையாது. அதனால் லைட் இக்னிஷனோடு சேர்ந்து அணைகிற மாதிரிதான் வயரிங் வேண்டும்.

முறை இதுதான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயர், பேட்டரிக்கு ஒட்டினாற்போலவே 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் பின். 87-லிருந்து லைட்டுக்கு. 85 எர்த். 86-க்கு, இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒரு வயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக. ஸ்விட்சில் ஓடுவது ரிலேயை இழுக்கும் அளவு சின்ன கரண்ட்தான், அதனால் சூடாகாது. ஃபியூஸைத் தள்ளி வைத்தால் அதற்கு முன்னால் வயர் உரசி ஃபிரேமில் பட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. அப்புறம், கம்பெனி வயரைப் பிளேடால் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள். மழை பெய்ததும் முதலில் போவது அந்த ஜாயின்ட்தான். கப்ளர் போட்டு, கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள்.

முடித்ததும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹை பீம், ஃபாக் லைட், சார்ஜர் எல்லாம் போட்டு ஐடிலில் பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குள் சார்ஜ் போகாமல் அதிலிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அப்போது லைட்டைக் குறைப்பதுதான் வழி, பெரிய பேட்டரி போட்டால் தீராது.

சைலன்சரை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு ஓட்டினால் மாலையில் தலை கனக்கும், களைப்பில்தான் தவறுகள் நடக்கும். இமயமலையின் சின்ன கிராமங்கள் வழியாகப் போகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் அமைப்பை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அடிப்படை அமைப்பைத் தொடாத சின்னப் பொருத்தங்கள் வேறு கதை, அதே 2019-ல் உச்ச நீதிமன்றமும் அந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறது. லக்கேஜ் பேக், ஹேண்ட் கார்டு, பாஷ் பிளேட் (எஞ்சினின் அடிப்பகுதியைக் காக்கும் தகடு) மாதிரியானவற்றுக்கு யாரும் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழக வேண்டியது இரண்டு வேலை. ஒன்று, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, டயர் லீவரால் டியூப் மாற்றி, கைப்பம்பால் காற்றடித்துத் திரும்ப மாட்டுவது. வண்டியோடு வைத்திருக்கிற டூல்ஸை மட்டும் வைத்துச் செய்யுங்கள். ஆக்சில் நட்டுக்கு உங்கள் கிட்டில் ஸ்பேனர் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். இன்னொன்று கிளட்ச் கேபிள் மாற்றுவது. புது கேபிளைப் போட்டு, நன்றாக இருக்கும் பழையதை அதன் பக்கத்திலேயே டேங்குக்கு அடியில் ஓட்டி, இரு முனையையும் டேப் சுற்றிக் கட்டி வைத்துவிடுங்கள். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும், டேங்கைத் தூக்க வேண்டாம். சின்னச் சாமான்கள், பேரிங், ரப்பர் எல்லாம் தேடிச் சென்னை போனால் ஜி.பி. ரோட்டில் ஒரே நாளில் வாங்கிவிடலாம். இந்த வண்டி பிறந்ததே சென்னையை ஒட்டி என்பதால் நமக்குப் பார்ட்ஸ் கஷ்டம் இல்லை. கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனுக்கு முன் முழு லக்கேஜையும் கட்டிக்கொண்டு கொல்லிமலை ஏறி இறங்குங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் எது தளர்வது என்றாலும் அங்கேயே தளர்ந்துவிடும். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிரேக்கிங்கிலேயே வந்து பழகுங்கள். வீட்டுக்கு வந்து மார்க்கர் கோடுகளைப் பாருங்கள். பயன்படுத்தாமலே திரும்பி வந்த பொருள்களை மூட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சேலத்திலிருந்தே ஓட்டிப் போவதா, டெல்லி அல்லது சண்டிகர் வரை ரயிலில் அனுப்புவதா என்பது உங்கள் லீவைப் பொறுத்தது. ஓட்டினால் ஒரு வழிக்கே 3,000 கி.மீ.க்கு மேல். போய் வருவதற்குள் நடுவில் ஒரு ஆயில் சர்வீஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் அனுப்பினால் டேங்கைக் காலி செய்துதான் வாங்குவார்கள்.

கடைசியாக டயர் காற்று. சேலத்தின் 35 டிகிரி வெயிலில் 30 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், கார்துங் லாவின் 5 டிகிரி குளிரில் கேஜ் ஏறக்குறைய 33 காட்டும். குளிர் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தது அதைவிட அதிகமாகக் கூட்டிக் காட்டுகிறது. அதனால் மேலே போய் 'காற்று இறங்கியிருக்கும்' என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். லேயில் தங்கும் முதல் காலை, வண்டியை எடுக்கும் முன், உங்கள் சொந்த கேஜால் அளந்து மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். கீழே இறங்கி வந்ததும் மறுபடி அளக்க வேண்டும், அப்போது குறைந்திருக்கும்.